கப்டன் றோபேட்டின் முதல் வெடி

கப்டன் றோபேட் இத்தாலியின் பலெர்மோவில் இப்போது தலைமை தாங்குவது ஒரேயொரு நாய்க்கு. கிழட்டு சிஞ்ஞோரா ஒருத்தியின் வீட்டில் வேலை. காலையும் மாலையும் அவளுடைய குட்டி நாயைப் போர்கோ வெக்கியோச் சந்தைப் பக்கம் நடத்திக்கொண்டு போவார். காற்சட்டையின் மடிப்புக் கலையாது, சப்பாத்தில் முகம் பார்க்கலாம். நாய் மீன்கடை வாசலில் காலைத் தூக்கினால் கப்டன் விறைப்பாக நின்று காத்திருப்பார்.

மன்னார்த் தமிழர், ஊரில் சிங்கள ராணுவத்தில் கப்டனாக இருந்தவர். மனிசி கத்தரீனா இங்கே வீடு துடைத்து உழைத்துத்தான் அவரைக் கூப்பிட்டாள். வந்த புதிதில் எங்கள் சனம் அவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்தால் போனது. பிறகு அவருடைய வழக்கு தெரியவந்தது. விகாரைக் காணியை முகாமுக்கு எடுத்ததை எதிர்த்துப் பிக்குமார் முகாம் வாசலில் குந்தியிருந்தபோது, வெடி விழுந்து ஐந்து பேர் செத்த வழக்கு. “நான் துவக்கைத் தொடவேயில்லை, பெடியள் பயத்திலை சுட்டவங்கள்” என்று கூண்டில் நின்று சொன்னார். முதல் வெடி யாருடையது என்று நிரூபிக்க ஆளில்லை. விடுதலையானார்.

பிக்குமாரைச் சுட்டவராம் என்றதும் எங்கள் சனத்துக்கு அவர்மேல் பொங்கிய பாசத்தைப் பார்க்கவேண்டுமே! நேற்றுவரை ஆமிக்காரன், இன்றைக்கு எங்கள் கொண்டாட்டங்களில் முன்வரிசைக் கதிரை. வெட்கம் கெட்ட கூட்டம். நீதிமன்றத்தில் மறந்துபோனதெல்லாம் இரண்டு கிளாஸ் வைன் உள்ளே போனதும் கப்டனுக்கு ஞாபகம் வரும்.

“முதல் வெடி என்ரை! கேற்றிலை கொடியோடை ஏறினவன். ஒரே வெடி, ஆள் கீழை!”

மனுசன் புளுகுகிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என்னோடு மாடிப்படி கழுவும் குசுமாவதி சிங்களப் பெண். இரண்டு பேரும் உடைந்த இத்தாலியனில்தான் கதைப்போம். ஒருநாள் வாளியைத் தள்ளிவிட்டுப் படியில் இருந்து அழுதாள். முகாம் கேற்றில் கொடியோடு ஏறிச் செத்த இளம் பிக்கு அவளுடைய தம்பி. மேன்முறையீடு வருகிறது. முதல் வெடி வைத்தவனை இம்முறையும் காட்ட முடியாவிட்டால் வழக்கு அத்தோடு சரி.

அப்படியென்றால் கப்டன் புளுகவில்லை. வன்னியில் என் அண்ணனையும் ஆமிதான் சுட்டது. அதற்குக் கூண்டும் இல்லை, வழக்கும் இல்லை. தோற்பதற்காவது இவளுக்கு ஒரு வழக்கு இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையோடுதான் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் சனத்துப் பிள்ளை டிலக்ஷியின் பிறந்தநாள், மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். கப்டன் முன்வரிசையில், கையில் கிளாஸோடு இருந்தார். நான் போனை எடுத்தேன்.

“கப்டன், அந்தக் கேற்றுக் கதையை முதல்லை இருந்து ஒருக்கால் சொல்லுங்கோவன். வீடியோ எடுக்கப்போறன்.”

கத்தரீனா பாய்ந்து வந்தாள். “உங்களுக்கென்ன விசரே? அப்பீல் இன்னும் முடியேல்லை. வாயை மூடிக்கொண்டு இருங்கோ.”

“நீர் சும்மா இரும். வழக்கு நடக்கிற கோடு எங்கை, பலெர்மோ எங்கை? இஞ்சை முழுக்க எங்கடை சனம்.”

தலையை வாரினார். வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துக் கதிரையை நகர்த்தினார். பிறகு ஊர்ப் பெயர், முகாமின் பெயர், தன்னுடைய பதவி எல்லாம் ஒழுங்காகச் சொன்னார்.

“பெடியன்ரை கையிலை இருந்து துவக்கை நான்தான் பறிச்சனான். ‘வேண்டாம் சேர்’ எண்டு அழுதவன். கேற்றிலை நிண்டவன்ரை கையிலை ஒரு கல்லுக்கூட இல்லை, கொடி மட்டும்தான். நான் நல்லா ஆறுதலாக் குறி பார்த்தனான்.”

மண்டபம் கைதட்டியது. நான் போனை அசையாமல் பிடித்திருந்தேன்.

“பிள்ளை, முகம் வடிவா விழுந்திருக்கோ?”

“ஓம் கப்டன். முகமும் குரலும் வடிவா விழுந்திருக்கு.”

“அப்ப எனக்கும் ஒருக்கால் அனுப்பிவிடும்.”

முதலில் குசுமாவதிக்கு அனுப்பினேன். ஆசைப்பட்டுக் கேட்டவரை ஏமாற்றக்கூடாது என்று அவருக்கும் அனுப்பினேன். கப்டன் பெருவிரலை உயர்த்திப் பதில் போட்டார்.