படகு வடிவில் ஓர் ஒழிக

1. கைது

ரபீஉல் ஆகிர் மாதப் பிறை கண்ட மறுநாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குச் சற்று முன்னர் இசுமாலெவ்வையைப் பொலிசார் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரும்போக நெல்லுக்கு உழவு தொடங்கியிருந்த வாரம் அது. அவர் கல்முனைக் கடற்கரைப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அமெரிக்கர்களைக் கொல்லச் சொல்லும் வாசகத்தைக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார் என்பது குற்றச்சாட்டு.

வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் பச்சை வெல்வெட்டில் பொன்னிறத்தில் இருந்தது. வளைகுடாவில் வேலை செய்த மருமகன் அங்கே ஒரு சந்தையில் வாங்கி வந்தது. எழுத்துகளைப் பின்னிப் பிணைத்துப் படகு வடிவில் வரைந்திருந்தார்கள். எங்கள் ஊரில் அறபு எழுத்துப் போலத் தெரிவதெல்லாம் துஆ, ஓதி வேண்டும் பிரார்த்தனை. இதில் படகு வேறு. நூஹ் நபியின் கப்பல் துஆ என்று யாரோ சொல்ல, எல்லோரும் நம்பிவிட்டார்கள். கடலுக்குப் போகிறவர்கள் பிளேன்டீ குடித்துவிட்டு, கண்ணாடியைத் தொட்டு விரலை முத்தமிட்டுப் போவார்கள். வியாழன் மாலைகளில் இசுமாலெவ்வை அதற்குச் சாம்பிராணி காட்டுவார். அதை ஒருவராலும் ஓத முடியவில்லையே என்பது யாரையும் உறுத்தவில்லை. விளங்காமல் ஓதிப் பழகியவர்களுக்கு ஓத முடியாததும் ஒரு குறையாகத் தெரியாது போலும்.

பொத்துவில் பக்கம் அலைச்சறுக்குக்குப் போன அமெரிக்க இளைஞர்கள் சிலர் வழியில் இந்தக் கடையில் றொட்டி தின்ன இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி வீட்டில் பாரசீகம் பேசி வளர்ந்தவள். அவள் வாசித்தாள், படம் எடுத்தாள், இணையத்தில் போட்டாள். அதில் எழுதியிருந்தது: "மர்க் பர் ஆம்ரிகா."

2. பொலிஸ் கேட்ட மொழிபெயர்ப்பு

ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியின் அலுவலகத்தில் என் உத்தியோக காலம் கழிந்தது. சரக்குப் பத்திரங்களையும் மாலுமிகளின் சண்டைகளையும் பாரசீகத்திலிருந்து மொழிபெயர்த்தேன். ஓய்வுபெற்று ஊர் வந்தபின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்துகொண்டேன். இசுமாலெவ்வையின் கடையில் நான் சாப்பிடுவதில்லை; அந்த எண்ணெய் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே அந்தத் 'துஆ'வை முதன்முதலாகப் பொலிஸ் நிலைய மேசையில்தான் பார்த்தேன்.

நான் எழுதிக் கொடுத்தது இரண்டு வரிகள். சொல்லுக்குச் சொல்: "அமெரிக்காவுக்கு மரணம்." பேச்சு வழக்கில்: "அமெரிக்கா ஒழிக."

பொறுப்பதிகாரி இரண்டாவது வரியில் விரலை வைத்தார். சிங்களவர், தமிழ் நன்றாகவே கதைப்பார்.

"இது வேணாம் மாஸ்டர். மேல இருந்து நெருக்குறாங்க. 'கொல்லுங்கள்' எண்டு ஒரு லைன் போட்டாப் போதும்."

"அப்படி அதில இல்லையே."

"மரணம் எண்டா கொல்றதுதானே?"

"பந்தர் அப்பாசில எங்கட அலுவலகத்துத் தேத்தண்ணிக்காரன் பேப்பரை விழுங்குற கொப்பி மெசினுக்கும் மர்க் பர் சொல்லுவான். அவனையும் பிடிப்பீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. மேலிடம் நெருக்கும்போது சிரிப்புக்கும் அனுமதி தேவைப்படும்.

3. மரைக்கார் கேட்ட மொழிபெயர்ப்பு

அன்று பின்னேரமே, பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார் வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கினார். கடையில் அந்தக் கண்ணாடிக்கு நேர் கீழே உள்ள கதிரை அவருடையது. காசு கொடுக்காமல் சாப்பிடும் உரிமையும் அந்தக் கதிரையோடு சேர்ந்தது.

"மாஸ்டர், அந்த மரணத்த எடுத்திரிங்க. 'அமெரிக்காவுக்கு நேர்வழி கிடைக்கட்டும்' எண்டு போடுங்க. துஆ மாதிரியும் இரிக்கும்."

"ஹாஜியார், சத்தியம் செஞ்சுதான் கையெழுத்துப் போடுறன்."

"நம்மட ஆள் ஒருத்தன் உள்ளுக்குக் கிடக்கான். உங்களுக்குச் சத்தியம் பெரிசாப் போச்சி!"

"நீங்க எந்நாளும் அதுக்குக் கீழ இருந்துதானே திண்டீங்க. ஒரு நாளும் என்ன எண்டு கேட்கல்லியா?"

"ஓதுற ஆக்களுக்குத் தெரியும் எண்டு நினச்சன்."

"நீங்கதானே ஓதுற ஆள்!"

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

இருவருக்கும் வேண்டியது மொழிபெயர்ப்பு அல்ல, அவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததற்கு என் முத்திரை. ஒருவர் அந்தச் சொல்லில் கத்தியைத் தேடினார், மற்றவர் பூவைத் தேடினார். நான் அந்த நாட்டில் இருந்தவன். அதே சொல்லைக் கொப்பி மெசினைப் பார்த்தும் கத்தினார்கள், சதுக்கத்தில் கொடியைக் கொளுத்திக்கொண்டும் கத்தினார்கள். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பவனுக்கு மொழிபெயர்ப்பாளன் என்று பெயரில்லை. இரண்டு வரிகளையும் அப்படியே விட்டேன்.

4. நீதிமன்றத்தில்

திங்கட்கிழமை. இசுமாலெவ்வை கூண்டில் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். விளக்கமறியலில் அடைப்பதா, பிணையில் விடுவதா என்பது அன்று தெரிய வேண்டும். அவருடைய மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து, "மாஸ்டர், அவருக்கு அமெரிக்கா எந்தப் பக்கம் எண்டும் தெரியா" என்றார்.

நீதவான் அறிக்கையை வாசித்தார். கண்ணாடிச் சட்டத்தை வாங்கி, முன்பக்கம் படிந்திருந்த சாம்பிராணிக் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதை ஏன் மாட்டினீர்?"

"கடைக்குப் பரக்கத்து வர, ஐயா."

"என்ன எழுதியிருக்கிறது என்று நினைத்தீர்?"

"படகு கவிழாமல் காக்கச் சொல்லி அல்லாஹ்ட்டக் கேக்குறது எண்டு, ஐயா."

"மொழிபெயர்ப்பாளர் எழுதியதைக் கேட்டீரா?"

"கேட்டன். அந்தப் பிள்ளையளுக்கும் நான்தான் றொட்டி சுட்டுக் கொடுத்தன், ஐயா. சாகச் சொல்றவன் முட்டை போட்டுக் கொடுப்பானா?"

நீதிமன்றம் சிரித்தது. பொறுப்பதிகாரி கூரையைப் பார்த்தார். அன்றே பிணை கிடைத்தது. பின்னர் வழக்கும் கைவிடப்பட்டது. பிணை கிடைத்த அன்று மரைக்கார் நீதிமன்ற வாசலில் நின்று, தான் கதைத்துத்தான் ஆளை வெளியே எடுத்ததாகச் சொல்லி எல்லோருக்கும் கைகொடுத்தார்.

5. அடக்கம்

கண்ணாடிச் சட்டம் திருப்பிக் கொடுக்கப்பட்டதும் இசுமாலெவ்வை அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்டர், இத எங்க போடுறது?"

"குப்பையில."

"அல்லாஹ்வே! எழுத்தெல்லாம் ஓதுற எழுத்து. குப்பையில போட ஏலுமா?"

பழுதான குர்ஆன் தாள்களை எங்கள் பக்கத்தில் கடலில் விடுவது வழக்கம். அவர் வெல்வெட்டைக் கழற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி, கல் கட்டி, தோணியில் கொண்டுபோய் பிஸ்மில்லாஹ் சொல்லி ஆழத்தில் விட்டார். அமெரிக்கா ஒழிக என்பதற்கு இவ்வளவு மரியாதையான அடக்கம் தெஹ்ரானில்கூட நடந்திராது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பகைச் சொல்லைக் கூர்மையாக்கித் தரும்படி ஒருவர் வருவார், மழுக்கித் தரும்படி இன்னொருவர் வருவார். இருவரையும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளதை எழுதுங்கள். எழுதினால் ஊர் திருந்தும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இசுமாலெவ்வையின் சுவரில் ஆணி இன்னும் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் இப்போது அதைத் தொட்டு விரலை முத்தமிடுகிறார்கள்.