புளி மண்டி வாசலில் சுண்ணாம்புக் கோடு

எழுபதுகளின் தொடக்கத்தில் தர்மபுரி டவுனில் புதுக் குடிநீர்க் குழாய் பதித்தபோது, அந்த வேலைக்கு ஓவர்சீயர் நான்தான். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தெருவுக்கு அடியில் யார் எதைப் புதைத்து வைத்திருக்கிறார்களோ, அவர்கள் ஆள் வந்து இடத்தைக் காட்டும்வரை என் ஆட்கள் கடப்பாறையைத் தொடக்கூடாது. டெலிபோன் ஆபீஸ்காரர், பழைய குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் இருவரையும் வரச்சொல்வேன். கரண்ட் கம்பி தலைக்கு மேலேதான் போகிறது என்றாலும் அந்த ஆபீஸ் ஆளையும் விடமாட்டேன். கம்பத்தை ஒட்டி வெட்டினால் கம்பம் சாயும். இவர்கள் எல்லோரையும் ஒரே காலையில் ஒரே தெருவில் நடக்கவைக்க நான் ஏறி இறங்காத ஆபீஸ் படி இல்லை.

"குழி வெட்டறதுக்கு ஒரு மாநாடாய்யா?" என்று எங்கள் எஞ்சினியர் கிண்டல் செய்வார்.

"ஆமாங்க சார்" என்பேன். வெட்டிய பிறகு நடக்கும் மாநாட்டையும் நான் பார்த்திருக்கிறேன். வேறொருவர் பார்த்த வேலையில் கேபிள் அறுந்து பாதி ஊர் டெலிபோன் ஊமையாகிவிட்டது. ஆபீஸுக்கு ஆபீஸ் பழியைத் தள்ளிவிட்டார்களே தவிர, கேபிள் ஒட்டியபாடில்லை.

மண்டித் தெருவில் டெலிபோன் இன்ஸ்பெக்டர் கோடு போட்டுக் கொடுத்தார். மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிற மனிதர், பேச்சு குறைவு. அவர் நடக்க நடக்க, கேபிள் போகும் வழியெல்லாம் சுண்ணாம்பு விழுந்தது. கோட்டின் மேல் வெட்டக்கூடாது, தள்ளித்தான் வெட்டவேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. புளி மண்டி வாசலில் அந்தக் கோடு படியை உரசிக்கொண்டு போயிற்று.

மண்டிக்கார பாய் அன்று எங்களுக்கு டீ வரவழைத்தார். ஆனால் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகள் சேலத்தில் பிரசவத்துக்கு இருந்தாள். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை, அவளுக்கும் ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்ததே பெரிய காரியம். குடும்பத்தில் அவளுக்குச் சேருகிற ரத்தம் பாயுடையது மட்டும்தான். வலி எடுத்ததும் மருமகன் ட்ரங்க் கால் போடுவார், பாய் உடனே காரில் கிளம்பவேண்டும் என்பது ஏற்பாடு. "நாளைக்கோ மறுநாளோன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதான் மணிச் சத்தத்துக்கே காத வெச்சிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது, பொம்மிடிப் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள் குழி வெட்டும் இடத்துக்குக் கயிறு பிடித்துத் தயாராக நின்றார்கள். மண்டி வாசலில் கயிறு படிக்கட்டை ஒட்டி இருந்தது.

"ஏம்மா, அங்க ஏன் கயிறு?" என்று அவர்களுடைய மேஸ்திரியம்மாவைக் கேட்டேன்.

"கோடு நடு ரோட்டுல போவுதுங்களே. தள்ளி வெட்டுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பார்த்தேன். தெரு முழுக்க நேராக வந்த கோடு, மண்டிக்கு முன்னால் மட்டும் நடு ரோட்டுக்கு வளைந்து போய், மண்டியைத் தாண்டியதும் ஒழுங்காக மறுபடி ஓரத்துக்கு வந்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. எந்தக் கேபிளாவது ஒரு மண்டிக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போகுமா? கடப்பாறையைக் கீழே போடச் சொல்லிவிட்டு, பக்கத்து டெலிபோன் ஆபீஸுக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு ஆளனுப்பினேன். பிறகு மண்டிக்குள் போனேன்.

"பாய், கோட்ட மாத்துனது யாருங்க?"

அவர் மழுப்பவில்லை. "நான்தானுங்க. கோடு போட்ட எடத்துலதான் வெட்டுவீங்கன்னு நெனச்சேன். வாசல்ல குழி கெடந்தா மூட்ட எப்பிடி எறங்கும்? காரு எப்பிடி வந்து நிக்கும்? கழுவிட்டு, வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மீதி இருந்துச்சு, தள்ளிப் போட்டுட்டேன்."

கோபத்தில் நான் பேசத் தொடங்குவதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். தன் வரைபடத்தைப் பார்த்தார். படியருகே, கயிற்றுக்கு நேர் கீழே கையால் மண்ணை அள்ளச் சொன்னார். மேஸ்திரியம்மாவே உட்கார்ந்து அள்ளினார். செங்கல் வரிசை வந்தது. கல்லை எடுத்ததும், ஈயம் போர்த்திய கேபிள் தெரிந்தது.

"இதுதாங்க உங்க டெலிபோன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பாய் குனிந்து பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கீழே கிடந்த கடப்பாறையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என் கோபமெல்லாம் அதைக் கண்டு அடங்கிவிட்டது. செங்கல்லை நானே திரும்ப அடுக்கினேன். பழைய இடத்தில் புதுக் கோடு போட்டு, நடு ரோட்டில் குழி எடுக்க ஆரம்பித்தோம். மண்டிப் படிக்கு முன்னால் கார் நிற்க இடம் விட்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் கைகழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே மணி அடித்தது. ட்ரங்க் காலில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்தான் கேட்கும். கைகாட்டினேன். தெருவே பேச்சை நிறுத்தியது. "வந்துட்டேன்னு சொல்லு, வந்துட்டேன்னு சொல்லு" என்று பாய் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. செருப்பைக்கூடப் போடாமல் காரில் ஏறினார்.

அந்த வாரக் கடைசியில் திரும்பி வந்தார். பேத்தி. மகளுக்கு இந்த முறையும் ரத்தம் நிற்கவில்லையாம். பாய் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே மருமகன் நின்றிருந்தாராம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

என்னிடம் அவர் நன்றி எதுவும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த தெருவில் நாங்கள் கோடு போட்டபோது, கூப்பிடாமலே வந்து எங்களுக்கு முன்னால் வீடு வீடாக நடந்தார். வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண்ணிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"அந்தக் கோட்ட மட்டும் தொடாதம்மா. எங்க வாசல்ல அதுக்குக் கீழதான் எம் மவ உசுரு இருந்துச்சு. நான் அது தெரியாம என் கையாலயே கழுவி உட்டேன்."