கடல்தண்ணீரில் கரைந்த புரதம்

செங்கல்பட்டுப் பெண்கள் பள்ளியில் நான் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் சத்துள்ள உணவைப் பற்றிப் பேச என்னை அனுப்பினார்கள். கூட வந்தவர் ஒரு நர்ஸ். கோவளத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எதற்கும் பதறாதவர்.

புரதங்களைக் கல்லூரியில் நான் மனப்பாடமாகத்தான் படித்திருந்தேன். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலிதான் புரதம். எதில் கரைகிறது என்று பார்த்து அதை வகை பிரிப்பார்கள். வெறும் தண்ணீரில் கரைவது ஆல்புமின். உப்புத்தண்ணீர் இருந்தால்தான் கரைவேன் என்பது குளோபுலின். சாராயத்தில் கரைவது புரோலமின், காரத்திலும் அமிலத்திலும் கரைவது குளூட்டெலின். பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

குப்பத்தில் காட்ட ஒரு சுலபமான சோதனை வைத்திருந்தேன். காஸ்டிக் சோடாவும் கொஞ்சம் மயில்துத்தக் கரைசலும் விட்டால், புரதம் உள்ள பண்டம் ஊதா நிறமாகும். திருக்கழுக்குன்றம் தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மயில்துத்தப் புட்டியின் மூடி கழன்று என் பையும் புடவைத் தலைப்பும் நீலமாயின. நல்ல வேளை, காஸ்டிக் சோடா கொட்டவில்லை என்றார் நர்ஸ்.

பூவரச மரத்தடியில் பெண்கள் காத்திருந்தார்கள். தனியாக உதவாத காஸ்டிக் சோடாவைத் தவிர என்னிடம் மிஞ்சியது ஒரு பொட்டலம் காராமணி மாவு. வெறும் கையோடு என்ன பேசுவது என்று விழித்தபோது எதிரே கடல் தெரிந்தது. பயறுகளில் இருப்பது பெரும்பாலும் குளோபுலின். உப்பு இருந்தால் கரையும், உப்பு குறைந்தால் பிரிந்து வெளியே வந்துவிடும். ஒரு குடம் கடல்தண்ணீர் கேட்டேன்.

அதில் மாவைக் கலக்கி வைத்தேன். நர்ஸ் குழந்தைகளின் கண்களைப் பரிசோதித்து முடிக்கிற வரை ஊறவிட்டு, நாலாய் மடித்த துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். லேசான மங்கலோடு தண்ணீர் இறங்கியது. அதை டம்ளரில் இருந்த கிணற்றுத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டேன். சொட்டு விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் புகை போலத் திரண்டது. எனக்கே புல்லரித்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த கருவாட்டுக்கார அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை.

“இன்னா டீச்சரம்மா, மாவக் கரைச்சா வெள்ளையாத்தான் வரும். இதுல இன்னா கீது?”

நியாயமான கேள்வி. அதே சொட்டை இன்னொரு டம்ளர் கடல்தண்ணீரில் விட்டுப் பார்க்கும்படி அவளிடமே கொடுத்தேன். விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கிணற்றுத் தண்ணீரில் விட்டாள், திரண்டது. மாற்றி மாற்றி மூன்று தடவை செய்து பார்த்தாள். வெறும் மாவென்றால் இரண்டிலும் வெள்ளையாகியிருக்கும், இப்படித் திரள்வதுதான் உடம்பை வளர்க்கிற புரதச் சத்து என்றேன். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்போ எங்க மீன்ல அந்தச் சத்து கீதா, இல்லியா? அதயும் பாத்துடலாம்.”

அன்று காலை பிடித்த மீனை அரிந்து, முள் எடுத்து, கடல்தண்ணீர் விட்டு அம்மியில் அரைத்துக் கொண்டுவந்தாள். வடிகட்டத் துணியை என்னைப் பிடிக்கச் சொன்னாள். மீனைக் கண்ணால்கூடப் பார்க்காத வீடு எங்களுடையது. நர்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தேன். மீன் தசையிலும் உப்புத்தண்ணீரில் கரைகிற புரதம் உண்டு என்று படித்திருந்தாலும், அந்த முதல் சொட்டு விழும்வரை எனக்கு நிச்சயமில்லை. காராமணியைவிட அடர்த்தியாகவே திரண்டது. எல்லோரும் எழுந்து வந்து டம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

நர்ஸ் அந்த நேரம் பார்த்துப் பேசினார். கட்டுமரம் போகாத மாதங்களில் பயறு சாப்பிட்டால் பிள்ளைகளின் உடம்பு வளர அதுவும் உதவும் என்றார். காராமணிக் குழம்பு வைக்கிறேன், ஆனால் கருவாடும் போடுவேன் என்றாள் அந்த அம்மாள். போடு, இன்னும் நல்லது என்றார் நர்ஸ்.

வீடு திரும்பியதும் அம்மா வாசலிலேயே மூக்கைச் சுளித்து என்னைக் கிணற்றடிக்கு அனுப்பினாள். குளித்துவிட்டு வந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். மீன் வந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே தவிர எழுந்து போகவில்லை. கடைசியில், அந்த டம்ளரைக் கருவாட்டுக்காரி என்ன செய்தாள் என்று மெதுவாகக் கேட்டாள்.

புருஷனுக்குக் காட்ட வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள் என்றேன். அம்மா சிரித்துவிட்டாள்.