உள் அறையில் அக்காவுக்கு ஒரு கட்டில்

கடையில் எல்லோரும் அவளை அலமாரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பில் போடும் வரிசையை ஒட்டி நிற்கும் கடைசி அலமாரியை அடுக்குவது பதினாறு வருடமாக அவள் வேலை. வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கை சும்மா இருக்கும், கண் அலையும். எதை எந்த உயரத்தில் வைத்தால் அந்தக் கை தானாக நீளும் என்பது அவளுக்கு அத்துப்படி. அவள் கையும் அதே உயரத்துக்குத்தான் நீண்டது.

வீடு தரைத்தளத்தில், இரண்டே அறை. முன்னறையில் அவள் படுப்பாள். உள் அறையில் அவள் வாங்கியவை குடியிருந்தன: பிரிக்காத மூன்று இஸ்திரிப் பெட்டிகள், மேசை விளக்குகள், மடக்கு நாற்காலிகள், டப்பாக்கள், அந்த டப்பாக்களைப் போட்டு வைக்க வாங்கிய பெரிய டப்பாக்கள்.

இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அவளுடைய சொந்த அக்கா போன வாரம் போன் செய்தாள். அக்கா வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

"சனிக்கிழமை அனுப்பிடுவாங்களாம்டி. மூணு மாசத்துக்குப் படி ஏறக்கூடாதாம். உன் உள் ரூமைக் காலி பண்ணி வை. ஒரு கட்டிலும், நான் பிடிச்சு நடக்கிற வாக்கரும் நுழைஞ்சா போதும்."

"அதெல்லாம் பண்ணிடுறேன். நீ வந்து சேரு."

"புதுசா எதையும் வாங்கித் தொலைக்காத."

"என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நினைச்சியா?"

"சின்னப் பிள்ளையா இருந்தா ரெண்டு போட்டிருப்பேனே!"

மறுநாள், எதையும் வாங்காமல் இருக்க என்ன வழி என்று கடையில் கல்லாவில் உட்காரும் பெண்ணிடம் யோசனை கேட்டாள்.

"பிடிச்சதும் எடுத்துடாதீங்கக்கா. மூணு நாள் ஆறப்போடுங்க. எனக்கெல்லாம் ரெண்டாம் நாளே மறந்துடும்."

நல்ல யோசனைதான். ஆனால் அந்த அலமாரியில் மூன்று நாளுக்கு ஒரு முறை சரக்கு மாறும் என்பது மாற்றுகிறவளுக்குத் தெரியாதா? பொறுத்திருந்தால் பொருள் போய்விடும். அதனால் ஆறப்போட்டதையெல்லாம் அடித்தட்டில் அட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மறக்க வேண்டியதைத் தினமும் குனிந்து பார்த்து, பத்திரமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டாள்.

அறையைக் காலி செய்வதற்கென்றே வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். காலையில் பாதிப் பெட்டிகளை முன்னறைக்கு இழுத்தாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று திறந்தால் எல்லாம் புத்தம் புதுசு. மனசு வரவில்லை. மத்தியானம், ஒளித்து வைத்தவற்றைத் திரும்ப வரிசையில் அடுக்கிவிட்டு வந்தால்தான் நிம்மதி என்று கடைக்குக் கிளம்பினாள்.

குனிந்து எடுத்தபோது ஒவ்வொன்றும் அக்காவுக்காகவே செய்தது போல இருந்தது. உட்கார்ந்து குளிக்க முக்காலி. வழுக்காத மிதியடி. கட்டில் மேல் வைத்துச் சாப்பிடக் குட்டி மேசை.

"லீவு நாள்லயுமாக்கா?" என்றாள் கல்லாப் பெண்.

"எனக்கில்லம்மா. எங்க அக்காவுக்கு."

கல்லாப் பெண் அவள் முகத்தைப் பார்க்காமல் பில் போட்டாள்.

சனிக்கிழமை காலை வேன் வந்தது. டிரைவர் தாங்கிப் பிடிக்க, அக்கா வாசலைத் தாண்டி வாக்கரை வைத்தாள். அது பெட்டிகளுக்கு நடுவே சிக்கியது.

"இதுக்குள்ள நான் எங்கடி படுக்கிறது? இஸ்திரிப் பெட்டி மேலயா?" என்று சிரித்தாள். வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். ஒருக்களித்துப் பார்த்தாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதன் பிறகு சிரிக்கவில்லை.

"ஒரு மணி நேரம் குடுக்கா. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுறேன்."

"உனக்கு ஒரு வாரம் குடுத்தேன்டி."

"அம்மா, ரொம்ப நேரம் நிக்க வைக்கக் கூடாது," என்றார் டிரைவர். "எங்கேன்னு சொல்லுங்க, கொண்டு போய் விட்டுடுறேன்."

"எங்க தம்பி வீட்டுக்குப் போங்க. வழி சொல்றேன்," என்றாள் அக்கா.

தம்பி மனைவியோடு அக்கா பேசி ஆறு வருடம் ஆகிறது.

"அங்கேயா? அவ முகத்துல எப்படிக்கா முழிப்ப?"

"படுத்துக்கிட்டே முழிச்சுக்கிறேன்."

"இதெல்லாம் உனக்குன்னுதான்…"

"தெரியும்டி," என்றாள் அக்கா, கோபமே இல்லாமல். டிரைவரின் தோளைப் பிடித்து மெல்லத் திரும்பினாள்.

தங்கை அவசர அவசரமாக வழியில் கிடந்த பெட்டியைத் தூக்கினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கீழே வைக்க இடமில்லை. வெளியே வேன் கதவு மூடும் சத்தம் கேட்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.