கர்லாம் அடைத்த ஜன்னல்

உஸ்தீன்யாவுக்கு வாய் நீளம் என்பது வடக்கு ருஷ்யாவின் பினேகா ஆற்றங்கரை முழுவதற்கும் தெரியும். கட்டியவன் சவ்வாவே அவளிடம் பேசி ஜெயித்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு இலையுதிர் காலத்தில் வாயை மூடியவள், பாதிக் குளிர்காலம் வரை திறக்கவில்லை. எல்லாம் அவள் கொழுந்தன் கர்லாம் செய்த வேலை. பாழாய்ப்போனவன்!

அண்ணனும் தம்பியும் பச்சைப் பைன் மரங்களை வெட்டி அடுக்கி, ஒரே கூரையின் கீழ் ஆளுக்குப் பாதியாகக் கட்டிய வீடு அது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடும் முழு மரங்களே இரண்டு பாதிக்கும் சுவர். மறு வசந்தத்தில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிடப் போன சவ்வாவை ஆறு கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து கர்லாமுக்கு அண்ணியின் பாதி மேல் கண். அவளோ ஜன்னலோரம் தறி போட்டு, இடுப்புக் கச்சை நெய்து வயிறு கழுவினாள். வெளிச்சம் வரும் ஜன்னல் அது ஒன்றுதான். அது பார்த்தது கர்லாமின் முற்றத்தை.

"இவ கண்ணு பட்டே என் மாட்டுக்குப் பால் வத்திப்போச்சு!" என்று ஊரைக் கூட்டினான் அவன். "ஜன்னலை அடைக்கப் போறேன். இருட்டு பிடிக்கலேன்னா பொறந்த ஊருக்கு நடையைக் கட்டு."

"உங்க மாட்டுக்குத் தீனி போட்டீங்களா கொழுந்தனாரே? அதைக் கேளுங்க முதல்ல."

அவ்வளவுதான். ஜன்னல் சட்டத்தைப் பிடுங்கி எறிந்தான். இடிந்துபோன குளியல் குடிசையின் காய்ந்த கட்டைகளை அளந்து அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் திறப்பில் அடுக்கினான். கோபம் கண்ணை மறைக்க, மேலே விரல் நுழையும் இடமும் விடாமல் ஆப்பு வைத்து இறுக்கினான். பச்சைச் சுவர் காயக் காய இறங்கும், அதற்கு இடம் விட வேண்டும் என்று அந்த ஊரில் தெரியாதவன் உண்டா? உஸ்தீன்யாவுக்கே பொறுக்கவில்லை.

"கொழுந்தனாரே, மேல கொஞ்சம்..."

"உன்னை எவன் கேட்டான்? வாயை மூடு!"

மூடினாள். மறுநாளே சதுப்புக்குப் போய், மூட்டை மூட்டையாகப் பாசி அள்ளி வந்தாள்.

"அண்ணி பாசியைத் தின்னப் போறாங்களா?" என்று வேலியோரம் நின்று சிரித்தான் கர்லாம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குளிர்காலத்தில் இரு பாதியிலும் அடுப்பு கனன்றது. பச்சை மரம் காய்ந்து இறங்கியது. அடைத்த இடத்தில் மட்டும் காய்ந்த கட்டை இறங்க மறுத்தது. மேல் மரங்கள் அதன்மேல் தூக்கி நிற்க, இரு பக்கமும் சுவர் வாயைப் பிளந்தது. உஸ்தீன்யா தன் பாதியில் பிளவு தெரியும்போதெல்லாம் பாசியைத் திணித்தாள். விளக்குக்குப் பதிலாக மரச்சிம்பு கொளுத்தி, புகையில் கண்ணெரிய நெய்தாள். அந்த எரிச்சலில் ஒவ்வொரு இழைக்கும் அவனைச் சபித்தாள். கர்லாம் கந்தலைத் திணித்துப் பார்த்தான். பாசியோ பனிக்கு அடியில் கிடந்தது. அவன் சுவரில் உள்பக்கமே உறைபனி பூத்தது.

கடைசியில் அவன் மனைவி லுகேர்யா கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அக்கா, தொட்டில்ல பனி விழுது அக்கா."

உஸ்தீன்யா குழந்தையை வாங்கித் தன் அடுப்பின் மேல் ஆள் படுக்கும் மேடையில், சூட்டில் படுக்க வைத்தாள்.

"நீயும் ஏறிப் படு. அவனை ரம்பத்தோட வரச் சொல்றேன்."

கர்லாம் வந்தான். அடைத்த கட்டைகளை அவனே அறுத்து எடுத்தான். கடைசிக் கட்டை விழுந்ததும் வீடே முனகிக்கொண்டு கீழே இறங்கியது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியும்ல? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். வாயை மூடுன்னீங்க."

கர்லாம் பழைய சட்டத்தைத் தேடி எடுத்து வந்து, அதே இடத்தில் பொருத்தினான்.

"மேல நாலு விரல் விடுங்க," என்றாள் அவள். விட்டான்.

ஜன்னலுக்குத் திரை வேண்டுமா என்று லுகேர்யா கேட்டாள். வேண்டாம் என்றாள் உஸ்தீன்யா. தறியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கர்லாம் தன் முற்றத்தைக் கடந்து வீட்டுக்குள் போகும்வரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.