அவர்களுடைய வியாழக்கிழமை

சமயநல்லூரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அங்கே ராத்திரி ஆனதும் வேலை என் கைக்கு வரும். சாயங்காலம் நான் அதை ஐரோப்பாக்காரர்களிடம் தள்ளிவிடுவேன். எங்களை மேய்க்க ஒரு மென்பொருள். கீபோர்டில் கை இருந்தால் பச்சை, எடுத்தால் சாம்பல். பாதியில் எழுந்துவிட்டால் அந்த மணி நேரம் மொத்தமும் செல்லாது. ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். எந்த ஊரோடு என்றுதான் தெரியவில்லை.

தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில், வெள்ளிக்கிழமை காலை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். கூடப் பிறந்தவன் நான் ஒருவன். அப்பாவும் இல்லாததால், புகுந்த வீட்டார் முன்னால் அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பதே நான்தான்.

"அண்ணே, அன்னைக்கு மட்டும் போனை ஆப் பண்ணிரு" என்றாள்.

முன்கூட்டியே வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டேன், கிடைத்தது. இருந்தும் லேப்டாப்பை வண்டியில் வைத்துக்கொண்டேன். அப்படித்தான் பழக்கிவைத்திருக்கிறார்கள்.

சீர்த்தட்டுகளை இறக்கிவைத்து, குழந்தைக்கு மொட்டை போட்டு முடிந்தபோது அமெரிக்காவிலிருந்து மேலாளர் போனில் கூப்பிட்டார். காலையிலிருந்து சாம்பலாகவே இருக்கிறாயே என்றார். லீவு என்றேன். லீவு வெள்ளிக்கிழமைக்கு, இங்கே இன்னும் வியாழக்கிழமையே முடியவில்லை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு சின்னக் கோளாறு, பார்த்துவிட்டுப் போ என்றார். போன மாதம்தான் சாம்பல் அதிகம் என்று ஒருவனை வேலையைவிட்டே தூக்கியிருந்தார்கள். பயந்தேன். வேறென்ன சொல்ல?

புளியமரத்தடியில் நின்ற வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். கோளாறு சீக்கிரமே சரியாகிவிட்டது. ஆனால் அந்த மணி நேரம் முடியவில்லை. எழுந்தால் பச்சை போய்விடும். வேலையே இல்லாத திரையில் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தேன். மேளம் நின்றது. தங்கை கண்ணாடியைத் தட்டினாள்.

"ராகு காலம் வரப்போகுதுண்ணே. ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு. இன்னும் எம்புட்டு நேரம்?"

"இந்தா வாரேன், நீ போ" என்றேன்.

போனாள். குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. ஒரு காது, பிறகு இன்னொன்று. திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அவன் மேல் தப்பில்லை. கூப்பிட்டார்கள், உட்கார்ந்தான். மேலாளரின் மீது எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போதும் மவுஸ் கையில்தான் இருந்தது.

பந்தி நடக்கையில் அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமை பிறந்தது. உங்கள் லீவு தொடங்கிவிட்டது, நன்றாக ஓய்வெடுங்கள் என்று மென்பொருள் செய்தி அனுப்பியது.

அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், தோளில் லேப்டாப் பையோடு ஓரமாக நின்ற என்னைப் பார்த்தார். "தம்பி யாரும்மா?" என்று தங்கையிடம் கேட்டார்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏதோ வேலையா வந்திருக்காக மாமா."

பெரியவர் நல்ல மனிதர். என் கையைப் பிடித்து இலைக்கு அழைத்துப் போனார். "வேலை கெடக்கட்டும் தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.