பூக்காத போகன்விலா

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தட்டில் இருக்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு என் கணவர் மதிலோரம் ஒரு போகன்விலா நட்டார். காலையும் மாலையும் தண்ணீர், இடைக்கிடை யூரியாப் பசளை. செடி தளதளவென்று மதிலுக்கு மேலே போனது. வருடங்கள் போயும் ஒரு பூ இல்லை.

அவருக்கு மேல்வீட்டுக்காரர்களில்தான் கோபம். அவர்கள் பல்கனியில் காயப்போடும் படுக்கை விரிப்புகள் வெயிலை மறைக்கின்றனவாம். "மதியத்துக்குப் பிறகு நல்ல வெயில் படுதுதானே" என்று நான் சொன்னால் முகம் சிவந்துவிடும். ஏற்கெனவே இருதய வருத்தக்காரர். மேலே யாராவது துணி உதறும் சத்தம் கேட்டாலே நான் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஈர விரிப்பொன்று நழுவிச் செடியின் மேல் விழுந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு படியேறினார். நான் பின்னால் ஓடினேன். நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் மேல்வீட்டு முஸ்லிம் மனிதர் சாரம் கட்டியபடியே வந்து கதவைத் திறந்தார்.

"வெயில் படாட்டி மரம் எப்பிடிப் பூக்கும்? வேணுமெண்டுதானே செய்யிறியள்?"

"அப்ப நாங்க உடுப்ப எங்க காயப்போடுற?"

இவர் கையிலிருந்த விரிப்பு கீழே விழுந்தது. நெஞ்சைப் பிடித்தபடி படியிலேயே இருந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. நானாதான் அவரைத் தாங்கிப் பிடித்துத் தன் காரில் ஏற்றினார். காலி வீதி நெரிசலில், பஸ்களுக்கு நடுவே ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். என் மடியில் கிடந்தவரின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிர் தப்பியது. ஆனால் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி. அலைச்சலில் எனக்குச் செடியின் நினைவே இல்லை. மழையும் இல்லை. ஒருநாள் கேட்டைத் திறந்தால், மண் வெடித்துக் கிடக்கிறது, இலை பாதி கொட்டியிருக்கிறது, கொப்பெல்லாம் ஊதாப் பூ. மேலே விரிப்புகள் வழக்கம்போலத் தொங்கின.

நானாவின் மனைவி பல்கனியிலிருந்து சொன்னார்: "எங்க உம்மா வீட்டுலயும் இதுதான். தண்ணியும் பசளையும் கூடினா இலையத்தான் போடும். காயவிட்டாத்தான் பூக்கும்."

இதை இவரிடம் எப்படிச் சொல்வது? மனதை அலைக்கழிக்கும் எதுவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்த அன்று அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன்.

"ஆர் தண்ணி விட்டது?"

"ஒருத்தரும் விடேல்லை."

பூவைப் பார்த்தார். விரிப்புகளைப் பார்த்தார். பிறகு "நானா!" என்று கூப்பிட்டார். நான் அவர் கையை இன்னும் இறுக்கினேன். எட்டிப் பார்த்த நானாவின் முகத்திலும் பயம்.

"பிழை என்னிலதான். பொறுங்கோ, மேல வாறன்."

"ஐயோ, படி ஏறாதீங்க! நான் எறங்கி வாறேன்."

இருவரையும் விறாந்தையில் இருத்திவிட்டுத் தேநீர் போடப் போனேன். கொஞ்ச நேரத்தில் குரல்கள் உயர்ந்தன. கேத்தலோடு ஓடி வந்தேன். கிரிக்கெட். ஆனாலும் நான் உள்ளே திரும்பிப் போகவில்லை; ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே இருந்துகொண்டேன்.